எலும்புப்புரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பே முறியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அபூர்வம். நான் டாக்டர் இல்லை, என் அம்மாவுக்கு நடந்ததால் எழுதுகிறேன்.

62 வயதில் ஸ்கேன் பார்த்து எலும்பு அடர்த்தி குறைவு என்று அலென்ட்ரோனேட் கொடுத்தார்கள். வாரம் ஒன்று, ஞாயிறு காலை வெறும் வயிற்றில், விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபிகூடக் கிடையாது. ஒன்பது வருடம் விடாமல் சாப்பிட்டார். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள், எத்தனை வருடம் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசி நாலைந்து மாதம் வலது தொடையில் மந்தமாக ஒரு வலி. 'தேய்மானம்' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம் (மூட்டு வலிக்கும் எலும்புப்புரைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, அந்தக் குழப்பம்தான்). ஒருநாள் அடுப்படியில் நின்ற இடத்தில் திரும்பினார், தொடை எலும்பு முறிந்தது, அப்புறம்தான் விழுந்தார். எக்ஸ்ரேயில் சாக்பீஸை ஒடித்த மாதிரி குறுக்கே நேராக இருந்தது.

காரணம் என்னவென்றால், எலும்பைப் பழைய இடத்தில் கொத்தி எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம் எப்போதும் வேலை செய்கின்றன. இந்த மாத்திரை கொத்துகிற ஆளை முடக்கிவிடும். அடர்த்தி குறையாது, சரி, ஆனால் நடையில் விழும் நுண்ணிய விரிசல்களைக் கொத்திச் சரிசெய்யவும் ஆள் இல்லை. வருடம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010லேயே மருந்தின் குறிப்பில் இந்த எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லிவிட்டது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் சுமார் 1,96,000 பெண்களை வைத்துச் செய்து 2020ல் வெளியான ஆய்வில் இந்த வகை முறிவு வந்தது 277 பேருக்குத்தான். மூன்று வருடம் சாப்பிடும் 10,000 வெள்ளைக்காரப் பெண்களில் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், இந்த முறிவு 2 பேருக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. ஆசிய வம்சாவளியினருக்கு அதுவே 91க்கு 8. அப்போதும் லாபம்தான், ஆனால் நமக்கு ஆபத்தின் தட்டு கொஞ்சம் கூடுதலாகக் கனக்கிறது. நிறுத்திய பிறகு ஆபத்து வேகமாகக் குறைகிறது என்றும் அதில் தெரிந்தது.

மாத்திரை என்றால் ஐந்து வருடத்தில், வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து என்றால் மூன்று வருடத்தில், 'இன்னும் தேவையா' என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். எலும்புப்புரைக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியான டெனோசுமாப் வேறு கதை, அதைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கலாம். தொடையிலோ கவட்டியிலோ வலி வந்தால் தைலத்தை வைத்துவிட்டு, இரண்டு தொடைக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுங்கள்.

இரண்டுக்கும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவின் இடது தொடையையும் எடுத்துப் பார்த்தபோது வெளிப்பக்கம் எலும்பு தடித்து, அதில் ஒரு கீறல் ஆரம்பித்திருந்தது. அதற்கும் கம்பி வைத்தார்கள். அந்தக் காலில் அவருக்கு வலியே இருந்ததில்லை.