பயிரின் விளைச்சலைக் கணித மாதிரி எப்படிக் கணிக்கிறது?

முதலில் வெப்பத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஏனென்றால் பயிரின் வளர்ச்சிக் கட்டங்கள் பெரும்பாலும் அதைப் பொறுத்தே நகர்கின்றன. மக்காச்சோளத்துக்கு அடிப்படை வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே போனால் பயிர் வளராத அளவு, 10 டிகிரி செல்சியஸ். ஒரு நாளின் அதிகபட்சம் 28, குறைந்தபட்சம் 20 என்றால் சராசரி 24. அதில் 10 போக, அன்றைய வெப்ப வரவு 14. இது சேர்ந்துகொண்டே போய், ரகத்துக்குரிய அளவைத் தொட்டதும் பூக்கும். குளிரான பருவத்தில் அதே ரகம் தாமதமாகப் பூப்பது இதனால்தான்.

அப்புறம், இலைகள் பிடிக்கும் சூரிய ஒளியை உலர் எடையாக, அதாவது ஈரம் நீங்கிய பயிரின் எடையாக, மாற்றிக் கணக்கிடுவார்கள். நீரோ தழைச்சத்தோ போதாவிட்டால் அந்த எடை குறையும். அதில் தானியத்தின் பங்குதான் விளைச்சல். இன்றைய நெல், கோதுமை ரகங்களில் ஏறத்தாழப் பாதி.

டிஸ்ஸாட், ஆப்சிம் போன்ற மென்பொருள்கள் இதையே நாள்வாரியாக, இன்னும் நுணுக்கமாகச் செய்கின்றன. ஆனால் வயல் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காத மாதிரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். பூச்சி, நோய்ச் சேதம் பல மாதிரிகளில் சேர்வதே இல்லை.