வீட்டுப் பட்டறை: லேத் கேள்விகளுக்கு டர்னர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி லேத் (உலோகத்தைச் சுழலவிட்டு வெட்டுகிற கடைசல் மெஷின்) பற்றியவை. ஓசூர் சிப்காட்டில் டர்னராக (லேத் ஓட்டுபவராக) வேலை பார்த்து ஓய்வு பெற்று, காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நாலரை அடி லேத்தோடு மல்லுக்கட்டுகிற ஆளிடம் வேறென்ன கேட்பார்கள்! நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பள்ளி ஆசிரியர். பொழுதுபோக்காக உலோக வேலை செய்ய ஆசை. மேசை மேல் வைக்கிற புது மினி லேத் வாங்கலாமா, பழைய நாலரை அடி லேத் வாங்கலாமா?
— தருமபுரி வாசகர்

இடம் இருந்தால் பழையதே வாங்குங்கள் சார். மினி லேத்தை இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம், அது ஒரு வசதி. ஆனால் கனம் இல்லாத மெஷினில் கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே உடம்பு முழுக்க உதறும். நாலரை அடி லேத் முந்நூறு கிலோவுக்குக் குறையாது. அந்தக் கனம்தான் உங்களுக்கு வேலை செய்து கொடுக்கிறது. மாடியில் குடியிருக்கிறீர்கள் என்றால் மட்டும் மினி.

பழையது வாங்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். விற்கிறவர் முந்தின நாள்தான் அடித்திருப்பார். முதலில் பெட், அதாவது மெஷினின் நீளமான அடிப்பாதை. எல்லா டர்னரும் சக்குக்கு, அதாவது கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பகுதிக்குப் பக்கத்திலேயே வேலை செய்வதால் பெட் அந்த ஒரு அடிக்குத்தான் தேயும். வெட்டும் பிட்டைத் தாங்கி பெட் மேல் நகரும் கேரேஜை சக்கு ஓரம் கொண்டுபோய், ஆட்டம் இல்லாதபடி அதன் ஜிப்பை (ஆட்டத்தைக் குறைக்கிற தகட்டை) இறுக்குங்கள். அப்படியே எதிர் முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் சுற்றிக்கொண்டு வாருங்கள். பாதி வழியில் கேரேஜ் சிக்கினால் சக்கு ஓரம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இறுகினால் பரவாயில்லை, அசையவே மறுத்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து ஸ்பிண்டில், சக்கைச் சுழற்றும் அச்சு. சக்கில் ஒரு அடி நீளக் கம்பியைப் பிடித்து, டயலை (சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவியை) சக்கின் மேல் வைத்து, கம்பியை மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். முள் ஆடினால் பேரிங்கில் வேலை இருக்கிறது. சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் அதையும் விலையில் கழிக்க வேண்டும். பிட்டைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று வெறுமனே சுற்றுகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது ஒரு நட்டு மாற்றினால் தீரும். மரை வெட்ட மாற்றிப் போடுகிற சேஞ்ச் கியர்கள் முழு செட்டும் கைக்கு வருகிறதா என்று எண்ணி வாங்குங்கள். "அப்புறம் அனுப்பி வைக்கிறேன்" என்ற கியர் எந்த ஊரிலும் வந்து சேர்ந்ததில்லை.

எனக்கு பார்ட்டிங் (கம்பியை அறுத்துத் துண்டாக்குவது) போட்டாலே பயம். 25 மில்லிமீட்டர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) கம்பி, நிமிஷத்துக்கு 450 சுற்று ஸ்பீடு. பிட் உள்ளே போனதும் 'கிர்ர்ர்' என்று கத்துகிறது, அப்புறம் பிட் உடைகிறது. லேத்தை மாற்ற வேண்டுமா?
— பாலக்கோடு வாசகர்

லேத்தை மாற்ற வேண்டாம். கூடவே அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். கம்பி சக்கிலிருந்து நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் அதன் நுனியில் அறுக்கிறீர்கள். பிட்டும் ஹோல்டரிலிருந்து கட்டைவிரல் நீளம் வெளியே இருக்கிறது. இரண்டு பக்கமும் வளைகிறது, நடுவில் பிட் மாட்டிக்கொண்டு உடைகிறது. அறுக்கிற இடம் சக்குத் தாடைக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். 25 மில்லி கம்பியை அறுக்க 12.5 மில்லி ஆழம் போனால் போதும், ஆகவே பிட் 15 மில்லிக்கு மேல் வெளியே வர வேண்டியதில்லை.

ஸ்பீடும் அதிகம். கணக்கு இதுதான்: வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, 3.14-ஐ விட்டத்தால் பெருக்கி வருவதைக் கொண்டு வகுக்க வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டில் எம்.எஸ். வெட்ட நிமிஷத்துக்கு 28 மீட்டர் என்று வைத்தால் 25 மில்லிக்கு ஏறக்குறைய 355 சுற்று வரும். அது சாதாரண டர்னிங்குக்கு (கம்பியின் மேல்புறத்தைச் செதுக்குவதற்கு). பார்ட்டிங்குக்கு அதில் பாதி, 170-180 போதும்.

இனி முக்கியமான விஷயம், பிட்டின் உயரம். கம்பியின் நடுமையமான சென்டருக்கு மேலே இருந்தால் வெட்டாமல் தேய்க்கும். கீழே இருந்தால் கம்பி பிட்டின் மேல் ஏறி உட்காரப் பார்க்கும், உடைவது அப்போதுதான். சென்டரைப் பார்க்க மெலிந்த ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். லேத்தை நிறுத்திவிட்டு, உருட்டுக் கம்பிக்கும் பிட் முனைக்கும் நடுவில் ஸ்கேலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரியான உயரம். ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் பிட் கீழே இருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் மேலே இருக்கிறது. பிட்டுக்கு அடியில் தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள். பழைய ஹேக்ஸா பிளேடு துண்டுகள் இதற்கு அருமையான தகடு.

பிட் கம்பிக்கு நேர் செங்குத்தாக இருக்கட்டும். கேரேஜைப் பூட்டுங்கள். எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். அப்புறம் தயங்காமல், ஒரே சீராக உள்ளே தள்ளுங்கள். பயத்தில் நிறுத்தி நிறுத்தித் தள்ளினால் பிட் தேய்க்க ஆரம்பிக்கும், தேய்த்தால் கத்தும், கத்தினால் நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். சுருள் ஒழுங்காகச் சுருண்டு வெளியே வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இத்தனையும் செய்த பிறகும் கத்தினால் பிட்டைத் தீட்டுங்கள். என் அனுபவத்தில் 'லேத் சரியில்லை' என்று வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பிட்தான் சரியில்லை.

மெக்கானிக்கல் படித்தவள் நான். அப்பாவின் பழைய லேத்தில் வேலை கற்றுக்கொள்கிறேன். கை கிழியாமல் இருக்க கிளவுஸ் போடச் சொல்கிறார் அம்மா. போடலாமா?
— தேன்கனிக்கோட்டை வாசகி

கூடவே கூடாது, தங்கச்சி. அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் சுற்றுகிற சக்கு கிளவுஸைப் பிடித்தால் விரலோடு இழுத்துக்கொண்டுதான் நிற்கும். சுருள் பட்டால் வெறும் கைக்குக் கீறலோடு போகும். துப்பட்டா, தொங்குகிற செயின், மோதிரம், வளையல், அவிழ்ந்த தலைமுடி எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது. ஆண்களுக்கும் சொல்கிறேன், தோளில் துண்டோடு, மடித்துக் கட்டிய வேட்டியோடு லேத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுருளைக் கையால் இழுக்காதே, கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து வைத்துக்கொள். எமரித் தாளை வேலையைச் சுற்றி விரலால் பிடிக்காதே. சக்குச் சாவியிலிருந்து கையை எடுக்கும்போது சாவியும் சக்கை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். கண்ணாடி கட்டாயம். அம்மாவிடம் கிளவுஸுக்குப் பதிலாக ஒரு நல்ல கண்ணாடி வாங்கித் தரச் சொல்.

லேத்தில் 1 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மோட்டாரையே மாற்ற வேண்டுமா?
— ஊத்தங்கரை வாசகர்

மாற்றாமலும் ஓட்டலாம். வி.எஃப்.டி. என்ற பெட்டி சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி, 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும். ஆனால் உங்கள் மோட்டார் 415 வோல்ட்டில் ஓடும்படி ஸ்டார் என்ற இணைப்பில் கட்டியிருக்கும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை வெளியே வந்திருந்தால் 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்பாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றுதான் இருக்கிறது என்றால் ஸ்டார் முடிச்சு சுற்றுக்குள் இருக்கிறது, காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். இந்த வேலையை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், எர்த் தனியாக இருக்கட்டும்.

வி.எஃப்.டி. வந்துவிட்டால் ஸ்பீடு ஒரு திருகு குமிழில் வந்துவிடும், ரிவர்ஸும் ஒரு பொத்தானில். அதில் ஒரு ஆபத்து உண்டு: சக்கு ஸ்பிண்டிலில் மரையால் மாட்டியது என்றால், திடீரென்று ரிவர்ஸ் போட்டால் கழன்று விழும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டாருக்கு புஷ் செய்து வாங்கிக் காசு கொடுக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டு கரண்டில் ஓட்டாதீர்கள். அதற்கு வேறு கட்டணம், வேறு இணைப்பு.

வீடு கட்டியதில் மிச்சமான டி.எம்.டி. கம்பி நிறைய கிடக்கிறது. லேத்தில் போட்டுப் பழகலாமா?
— பென்னாகரம் வாசகர்

பழகலாம், ஆனால் பிட்டுக்குப் பாவம். டி.எம்.டி. கம்பியை ஆலையில் சூடாக உருட்டி வரும்போதே தண்ணீர் பீச்சிக் குளிர வைக்கிறார்கள். அதனால் மேல் தோல் கடினமாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும். மேலே முண்டும் வரியுமாக வேறு இருக்கிறது, பிட் ஒவ்வொரு முண்டிலும் 'டக் டக்' என்று அடி வாங்கும். ஓசியில் கிடைத்ததால் ஆசை வருகிறது, புரிகிறது.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய இரும்புக் கடைகளில் லாரி ஆக்ஸில், ஷாக் அப்சார்பர் ராடு எல்லாம் எடைக்குக் கிடைக்கும். பார்க்கப் பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் அந்த ராடின் மேல் குரோம் பூச்சு, அதற்கடியில் கடினப்படுத்திய தோல். கடைக்குப் போகும்போது பையில் ஒரு பழைய அரம் கொண்டுபோங்கள். ஓரத்தில் ஒரு இழு இழுத்தால் தெரிந்துவிடும். அரம் கடித்தால் வாங்கலாம், வழுக்கினால் வேண்டாம். பழைய பிரின்டர், ஜெராக்ஸ் மெஷின் உடைக்கிற இடத்தில் கிடைக்கும் ஷாஃப்டுகள் பெரும்பாலும் வெண்ணெய் மாதிரி வெட்டும். காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதென்றால் இ.என்.1ஏ என்ற, எளிதாக வெட்டுகிற இரும்பைக் கேளுங்கள். பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை.

எங்கள் ஊரில் பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு சும்மா கிடைக்கிறது. சர்ஃபேஸ் பிளேட்டாக (அளவு பார்க்கும் சமதளப் பலகையாக) பயன்படுத்தலாமா?
— ஜெகதேவி வாசகர்

குறிபோட, உயரம் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சமையல் மேடைக்குப் பாலிஷ் போட்ட கல் கண்ணுக்குத்தான் சமம், மைக்ரானில் சமம் இல்லை. நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்விளிம்புச் சட்டத்தை) நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் குறைவாகத் தெரிகிற துண்டைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில்தான் பொறுக்குவதற்கு மலை மலையாக இருக்கிறதே. முடிந்தவரை தடிமனாக எடுங்கள், மூன்று புள்ளியில் தாங்கலாக உட்கார வையுங்கள். கிரானைட்டில் துரு பிடிக்காது. எதையாவது போட்டுவிட்டால் சில்லு பெயரும், ஆனால் வார்ப்பிரும்பு போல் அடிபட்ட இடம் மேலே புடைத்து நிற்காது. அதனால்தான் பெரிய ஆலைகளின் அளவு அறைகளிலும் கல்லையே வைக்கிறார்கள்.

என் லேத் இஞ்ச் லேத், லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) இஞ்சுக்கு நாலு மரை. அதில் மில்லி மரை போட முடியாது என்கிறார்கள். உண்மையா?
— பர்கூர் வாசகர்

முடியும். 127 பல் கியர் ஒன்று வேண்டும். ஒரு இஞ்ச் 25.4 மில்லி, அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்தக் கியர் உள்ளே வந்ததும் இஞ்ச் கணக்கு சுத்தமாக மில்லிக் கணக்காகிவிடும். உங்கள் லீட் ஸ்க்ரூவுக்கு, வேண்டிய பிட்ச்சை (மரைக்கு மரை உள்ள தூரத்தை, மில்லியில்) இருபதால் பெருக்கினால் ஓட்டும் கியரின் பல் கணக்கு வரும். 2 மில்லி பிட்ச் என்றால் ஸ்பிண்டில் பக்கம் 40, லீட் ஸ்க்ரூவில் 127. 1.5 மில்லி என்றால் 30-க்கு 127. முப்பது பல் இல்லையென்றால் 60-க்கு 127, கூடவே 40-க்கு 80 போட்டு இரட்டைக் கியராகக் கட்டுங்கள்.

127 கிடைக்காதவர்கள் 63-ஐ வைத்து ஒப்பேற்றுவதுண்டு. 20-க்கு 63 போட்டால் 2 மில்லிக்குப் பதில் 2.016 வரும். 10 மில்லி நீளத்துக்கு 0.08 மில்லி தவறு, சாதாரண நட்டு ஏறிவிடும். நீள ஸ்க்ரூவுக்கு அது ஆகாது.

இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஹாஃப் நட், அதாவது கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு கோக்கிற பிளவு நட்டு. இஞ்ச் லீட் ஸ்க்ரூவில் மில்லி மரை வெட்டும்போது மரை முடிகிறவரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. பிட்டை வெளியே இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டி, தொடங்கிய இடத்துக்கு வந்து, அப்புறம் அடுத்த வெட்டு. திறந்துவிட்டால் பிட் பழைய தடத்தில் விழாது, மரை இரட்டையாகும்.

பிளஸ் டூ படிக்கிறேன். அண்ணன் லேத் வாங்கியிருக்கிறான். முதலில் என்ன செய்து பழகலாம்?
— போச்சம்பள்ளி வாசகர்

தம்பி, பித்தளையில் ஒரு பம்பரம் செய். ஃபேசிங் (முகப்பைச் சமமாக்குவது), டர்னிங், சரிவு, கடைசியில் பார்ட்டிங் என்று நாலு வேலையும் அதில் வந்துவிடும். ஆனால் பித்தளைக்கு எம்.எஸ். பிட்டை அப்படியே போடாதே. மேல் பக்கம் சரிவில்லாமல் தட்டையாகத் தீட்டிக்கொள், இல்லையென்றால் பிட் பித்தளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஃபேசிங் முடிந்ததும் நடுவில் ஒரு சின்ன மொட்டு நிற்கிறதா பார். நின்றால் பிட் சரியாக சென்டரில் இல்லை, மேலே பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்ன ஸ்கேல் வேலையைச் செய். பம்பரம் ஒரு இடத்தில் நின்று சுற்றினால் முனை நடுவில் இருக்கிறது. தரையெல்லாம் ஓடினால் திரும்ப லேத்தில் போடு. அண்ணன் இல்லாத நேரத்தில் மெஷினைத் தொடாதே.

பிட் தீட்டுவது பற்றித் தனியாகக் கேட்டவர்கள் நிறைய. அடுத்த இதழ் முழுக்க அதுதான். படம் அனுப்புகிறவர்கள் பிட்டை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கம் ஒன்று என்று எடுத்து அனுப்புங்கள். லேத்தோடு நின்று எடுத்த செல்ஃபியில் எனக்கு முகம்தான் தெரிகிறது.