கோட்டாவில் வந்தவள் என்று சொல்வார்களோ என்று பயப்படும் ஓர் அம்மாவுக்கு

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகளுக்குப் பிறவியிலிருந்தே விழித்திரைக் கோளாறு, வெளிச்சத்தில் ஓரளவு தெரியும், புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்தால்தான் எழுத்து பிடிபடும், அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை எழுத வைக்கலாமா, வைத்தால் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட வேண்டுமா, இல்லை எதையும் சொல்லாமல் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்டாவில் போனால் ஆபீஸில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சிலும் அது வரும் என்று உறவுக்காரர் சொன்னது மனதை அரிக்கிறது என்கிறீர்கள்.

எழுத வையுங்கள். குறிப்பிட்டே எழுத வையுங்கள். கல்யாணப் பேச்சை இதில் கலக்காதீர்கள், அது அவள் முடிவு செய்ய வேண்டியது, இப்போது அதற்கு அவசரமும் இல்லை. ஆனால் அந்தக் "கோட்டா" என்ற சொல் உங்களை ஏன் இப்படிச் சுடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு இருக்கும் கூச்சம் பிள்ளைக்கும் போய்விடும், கூச்சத்தோடு பரீட்சை ஹாலுக்குள் போகிற பிள்ளை கேட்டு வாங்க வேண்டியதைக் கேட்காமலே திரும்பி வரும்.

அரசு ஆபீஸில் யார் உட்கார வேண்டும் என்பது நம் ஊரில் ஒரு நூற்றாண்டாக நடக்கிற பேச்சு. 1921-இல் நீதிக்கட்சி அரசு, வேலைகளைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் முதல் வகுப்புவாரி அரசாணையைக் கொண்டுவந்தபோது சென்னை மாகாண அரசின் உயர் உத்தியோகங்களில் பெரும்பாலானவை பிராமணர்கள் கையில் இருந்தன. 1929-இல் இங்கே ஒரு சர்வீஸ் கமிஷன் வந்தது, இந்திய மாகாணங்களில் அதுதான் முதல், குரூப் 4 நடத்துகிற இன்றைய டிஎன்பிஎஸ்சி அதன் வழியில் வந்ததுதான். 1989-இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கினார்கள், 2021-இல் அதை 40 ஆக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். முதலில் வந்த பெண்களையும் ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு உங்கள் தாலுகா ஆபீஸில் விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொண்டு வருகிற ஒரு பெண், மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண் இருந்தால் வீட்டு விஷயத்தைத் தயங்காமல் சொல்கிறார் இல்லையா, அதற்காகவும்தான் அந்த ஒதுக்கீடு. வேலை கிடைத்த ஒருவருக்கு மட்டும் அது நன்மை செய்வதில்லை, கவுன்டரில் நிற்கிறவருக்கும் செய்கிறது.

உங்கள் மகள் விஷயமும் அதுதான். பராமரிப்பு உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் நீங்களே எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருப்பீர்கள். பொடி எழுத்தில் அச்சடித்த விண்ணப்பம் பார்வை குறைந்தவருக்கு எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. அவளுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே மாதிரி பார்த்து, கேட்டு, நடக்கிறவர்களாக இருக்கும் ஆபீஸ் தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் சிரமத்தைக் கவனிக்காமலே வேலை செய்துகொண்டிருக்கும். அந்தக் குறையை நிரப்ப அரசுக்கு ஆள் தேவைப்படுகிறது, அதற்காக அவளை எடுக்கிறார்கள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, முழுதாக நம்பித்தான் சொல்கிறேன்.

நம் மாநிலத்திலேயே இன்னொரு உதாரணம் பிரித்திகா யாஷினி. ஆண், பெண் என்ற இரண்டு பிரிவு மட்டும் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஒரு திருநங்கையாக விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள், உயர் நீதிமன்றம் போனார், 2015-இல் தீர்ப்பு வாங்கி 2017-இல் பணியில் சேர்ந்தார். தான் யார் என்று சொல்லியே அவர் உள்ளே போனார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் பார்வையின்மையும் குறைபார்வையும் சேர்ந்து 1, செவித்திறன் குறைபாட்டுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு 1, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும் 1. சாதிவாரி ஒதுக்கீடு தனி, இது அதற்குள் குறுக்காக ஓடுகிற ஒதுக்கீடு. அதனால் உங்கள் மகளின் விண்ணப்பத்தில் வகுப்பு, பெண், தமிழ் வழி, மாற்றுத்திறனாளி என நாலு விஷயமும் ஒரே நேரத்தில் நிற்கும், ஒன்றைச் சொன்னால் இன்னொன்று போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வருடம் தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அடுத்த தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதெல்லாம் கிடைக்க, சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. சின்ன வயதில் பஸ் பாஸுக்காக வாங்கிய பழைய அட்டையை வைத்துக்கொண்டு போதும் என்று இருந்துவிடுவார்கள். போதாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவில் காட்டி, யுடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டை வாங்கியாக வேண்டும். நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கண் முழுதாகப் பார்வை இழந்து மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும், ஒதுக்கீடு கிடையாது, அப்படி ஏமாந்து போனவர்கள் நிறைய. உங்கள் மகளுக்கு இரண்டு கண்ணிலும் பாதிப்பு என்பதால் 40-ஐத் தாண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் என் நினைப்பு செல்லாது, குழு எழுதித் தர வேண்டும். பார்வைப் பரப்பு குறைவாக இருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுத்து அட்டையை மட்டும் படிக்க வைத்து முடித்துவிட வேண்டாம்.

அடுத்தது தமிழ் வழிச் சான்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் இருக்கிறது, ஆனால் டிஎன்பிஎஸ்சி கேட்பது ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கான கல்வித் தகுதி வரை தமிழில் படித்ததற்கான சான்று. நடுவில் ஒரு வருடம் ஆங்கில வழியில் படித்திருந்தால் சிக்கல். தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக, உரிய படிவத்தில் வாங்க வேண்டும், தலைமையாசிரியர் மாறிவிட்டார், பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்றெல்லாம் இழுக்கும், அதனால் அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள். சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்கட்டும். மத்திய அரசுத் தேர்வுக்கு ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், தமிழ்நாட்டு எம்பிசி சான்றிதழை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குரூப் 4-இன் பெரும்பாலான பணிகளுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும், எனவே பட்டம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி தமிழ், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மீதியைத் திருத்துவார்கள். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு இது நல்ல செய்தி. மீதியில் பொது அறிவு 75 கேள்வி, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25 கேள்வி. ஒதுக்கீடு இருக்கிறது என்பதால் மதிப்பெண் தானாக வந்துவிடாது, அவளைப் போலவே பார்வைக் குறைபாடு உள்ள, நன்றாகப் படித்த, பல வருடமாகத் தயாராகிற பிள்ளைகளோடுதான் அவள் போட்டி போட வேண்டும். கட்-ஆஃப் கம்மி, லேசாக வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பணியைத் தேர்ந்தெடுப்பதில் உறவினர் பேச்சைவிட அறிவிப்பின் பின்னிணைப்பு முக்கியம். ஒவ்வொரு பணிக்கும் எந்த வகை மாற்றுத்திறனாளிகள் தகுதியானவர்கள் என்று அங்கே எழுதியிருப்பார்கள். இளநிலை உதவியாளர் வேறு, நில அளவர் வேறு. அவளால் எந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்ய முடியும் என்று அவளிடமே கேளுங்கள். நாள் முழுக்கப் பழைய பதிவேடுகளில் மங்கிய மையைப் படிக்கிற வேலையைவிட, கணினியில் ஓடுகிற வேலை அவளுக்கு நூறு மடங்கு நல்லது.

அதனால்தான் பாடப் புத்தகத்துக்குச் சமமாகக் கணினியை நான் வற்புறுத்துவேன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம், தமிழையும் வாசிக்கும். அவளுக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறது என்பதால் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் திரையை மூக்கோடு ஒட்டிப் பார்த்தால் கழுத்தும் தலையும் என்னவாகும் என்று யோசியுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது, காதால் கேட்டுப் படிப்பது, தமிழில் தட்டச்சு செய்வது ஆகிய மூன்றையும் இந்த ஒரு வருடத்துக்குள் பழகட்டும். மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, என்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். தேர்வுப் பயிற்சிக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசம். கடன் வாங்கித் தனியார் கோச்சிங்கில் சேர்க்க வேண்டாம், பள்ளிப் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒழுங்காகப் படித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

பரீட்சையில் சொல்லி எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரத் தேர்வு என்றால் முழுதாக ஒரு மணி நேரம். "எனக்குத்தான் கொஞ்சம் தெரியுமே, நானே எழுதிக்கொள்கிறேன்" என்று பிள்ளைகள் வீம்பாகச் சொல்வதுண்டு. விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் வட்டம் மாறிப் போனால் ஒரு வருட உழைப்பு போச்சு. வீட்டில் இரண்டு விதமாகவும் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். எழுத ஆள் வேண்டும் என்றால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். அப்படி எழுதித் தர யார் வரலாம் என்ற விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, மத்திய அரசுத் தேர்வுகளில் முக்கியமாக. அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் புதிதாகப் படியுங்கள், போன வருடம் எழுதியவர் சொன்னதை வைத்துப் போகாதீர்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் உண்மையான சிரமம் உள்ளவர்களுக்கு எழுத ஆள் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது, உங்கள் ஊரில் அப்படிப் பிள்ளை இருந்தால் இதையும் சொல்லுங்கள்.

மூலையில் உட்கார வைப்பார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிராஞ்சல் பாட்டீல் என்ற பார்வையற்ற பெண் யுபிஎஸ்சி தேர்வில் 773-ஆவது இடம் வாங்கி ரயில்வே கணக்குப் பணி ஒதுக்கப்பட்ட பிறகு, பார்வை இல்லை என்று சொல்லி அந்த வேலையைத் தர மறுத்தார்கள். அவர் மறுபடி எழுதி 124-ஆவது இடம் வாங்கினார், 2019-இல் திருவனந்தபுரத்தில் சப்-கலெக்டராகப் பொறுப்பேற்றார். நம் சென்னைப் பெண் பெனோ செபைன், முழுவதும் பார்வையற்றவர், ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்துவிட்டு 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றவர்கள் நீதிபதித் தேர்வே எழுத முடியாது என்று ஒரு விதி இருந்தது. பார்வைக் குறைபாடு உள்ள ஒரு பிள்ளையின் தாய் எழுதிய கடிதத்தை வைத்தே உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, 2025 மார்ச்சில் அந்த விதியை ரத்து செய்தது. அம்மாக்கள் எழுதும் கடிதத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு திரைவாசிப்பான், பெரிய திரை, வெளிச்சமான இடம் ஆகியவற்றை அவள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. எல்லா மேலதிகாரிகளும் நல்லபடியாக நடந்துகொள்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பணியில் தெளிவாக இருக்கிற, விதி தெரிந்த ஒரு பெண்ணை மூலையில் வைப்பது கடினம்.

அப்புறம், குரூப் 4 ஒன்றை மட்டுமே நம்பி வருடக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கிற எஸ்எஸ்சி-யின் எம்டிஎஸ், சிஹெச்எஸ்எல் தேர்வுகளை இப்போது தமிழிலேயே எழுதலாம், மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமும் இல்லை. பட்டம் முடிந்ததும் வங்கி எழுத்தர் தேர்வு, குரூப் 2. பெரும்பாலான தேர்வுகளில் அவளுக்குப் பத்து வருட வயதுத் தளர்வு இருக்கிறது, எனவே பதறவும் வேண்டாம். பி.ஏ.-வைப் பாதியில் விட்டுவிட்டு முழுநேரம் தேர்வுக்குப் படிக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள், கூடவே கூடாது.

இந்த மாதம் மருத்துவக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, பழைய மருத்துவச் சீட்டுகளோடு போய் வாருங்கள். அவள் படித்த தொடக்கப் பள்ளிக்கும் ஒரு நடை போய்விடுங்கள். கணக்கில் எது வருகிறது, எது வரவில்லை என்று அவளே எனக்குப் போன் செய்து சொல்லட்டும், அதை வைத்துத்தான் படிப்பு அட்டவணை போட முடியும். மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன்.