கேமில் மட்டும் கவனம் நிற்பது எப்படி என்ற கேள்விக்கு

14 வயது மகன் கேமில் மணிக்கணக்காக உட்கார்கிறான், புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடம்கூட நிலைப்பதில்லை, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறான், ஏடிஹெச்டி (கவனத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்தச் சிரமப்படும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) என்பது வெறும் சாக்கோ என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்கு இல்லைங்க. கேமில் நொடிக்கு நொடி ஏதாவது பலன் கிடைக்கிறது, அதுவே கவனத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பாடத்தில் அந்த வேலையை அவனே செய்ய வேண்டும், தேவையில்லாத சத்தத்தையும் எண்ணத்தையும் ஒதுக்கி, வாய்வரை வந்த பதிலை அடக்கி. ஏடிஹெச்டி உள்ளவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 2007-இல் ஆய்வாளர் பிலிப் ஷாவின் குழு மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டு, ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கு மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) முதிர்வது சுமார் 3 ஆண்டு தாமதமாவதைக் காட்டியது, அதிலும் நெற்றிப் பக்கப் பகுதியில்தான் தாமதம் அதிகம். அதனால் வயதுக்கேற்ற அடக்கம் இல்லையே என்று திட்டினால் பிள்ளை நொந்துபோவான், அவ்வளவுதான்.

போனைக் கவிழ்த்து வைத்தால் போதாது, வேறு அறையில் வையுங்கள். பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்று முடிந்ததும் உடனே பாராட்டுங்கள். வாரக் கடைசியில் பரிசு என்பது அவனுக்கு ரொம்ப தூரம். அப்புறம், பதிலை முதலில் தாளில் எழுதிவிட்டு வாயால் சொல்லப் பழக்குங்கள். மருந்து தேவையா என்று மனநல மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.