சிம்கோ ஏரிப் பனிமேல் புரொப்பேன்: கேள்வி பதில்

டொரன்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி உறைந்ததும் கூடாரமும் தூண்டிலுமாகக் கிளம்பும் நம்மவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். நான் எரிவாயுக் கருவிகள் பொருத்தும் தொழிலில் இருப்பவன். விளக்கு, ஹீட்டர், சிலிண்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஸ்காபரோவிலிருந்து: ஐயா, மைனஸ் 22-இல் புரொப்பேன் விளக்கு ஒரு மணி நேரத்தில் மங்கிவிட்டது. சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே பாதிக்கு மேல் இருக்கிறது. விளக்கில் பழுதா?

விளக்கில் பழுது இல்லை. சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. விளக்குக்கு வருவது அதிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவியின் அழுத்தத்தைக் குளிர்தான் தீர்மானிக்கிறது. 20 டிகிரியில் உள்ளே காற்றழுத்தத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேல் இருக்கும். மைனஸ் 20-இல் அது இரண்டரை மடங்குக்கும் கீழே வந்துவிடும். மைனஸ் 42-இல் புரொப்பேன் கொதிப்பதே நின்றுவிடும்.

நீங்கள் மைனஸ் 22-இல்தானே இருந்தீர்கள் என்று கேட்கலாம். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் எரிய எரியச் சிலிண்டர் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. 465 கிராம் சிறு சிலிண்டரில் திரவம் குறையக் குறைய, வெளியிலிருந்து வெப்பம் வாங்கும் பரப்பும் குறைகிறது. அதனால்தான் முழுச் சிலிண்டர் நன்றாக எரிகிறது, பாதிச் சிலிண்டர் தவிக்கிறது.

தீர்வு உங்கள் காலடியிலேயே இருக்கிறது. மீன்பிடிக்கப் பனியில் போட்ட துளையிலிருந்து ஏரித் தண்ணீரை ஒரு தட்டையான பாத்திரத்தில் மொண்டு, சிலிண்டரின் அடிப்பகுதி முழுகும்படி நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் சுழியத்துக்குச் சற்று மேலே இருக்கும். உங்கள் காற்றைவிட இருபது டிகிரிக்கும் மேல் சூடு. அது உறையும்போதும் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு முழுச் சிறு சிலிண்டரை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீர் உறைவதிலிருந்தே தாராளமாகப் பெறலாம். பாத்திரத்தில் பனி கட்டினால் கொட்டிவிட்டு மறுபடி மொள்ளுங்கள். வால்வும் ரெகுலேட்டரும் நனையக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்ச் சுடர் சீறும். சிலிண்டருக்கு அடியில் தீ காட்டுவதை யார் சொல்லிக் கேட்டிருந்தாலும் மறந்துவிடுங்கள்.

பிக்கரிங்கிலிருந்து: வீட்டில் மேசைமேல் வைத்துச் சமைக்கும் சிறு அடுப்பின் பியூட்டேன் டப்பா ஏரியில் வேலை செய்யுமா?

செய்யாது. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5. புரொப்பேன் வாங்குங்கள்.

மார்க்கத்திலிருந்து: அண்ணா, இரண்டு பேர் உட்காரும் கூடாரம். ஹீட்டர் இல்லை, விளக்கு மட்டும்தான். அதற்கும் கூடாரத்தைத் திறந்து வைக்க வேண்டுமா?

வேண்டும், தம்பி. மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு. இரண்டும் வேண்டும்.

ஒரு கிலோ புரொப்பேன் எரிய மூன்றரைக் கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. அது போதாதபோது சுடர் கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கக் கலக்கம். குளிரிலும் களைப்பிலும் இருப்பவருக்கு அந்தத் தூக்கம் இயல்பாகவே தோன்றும். ஆள் எழாமல் போவது இப்படித்தான்.

"என் ஹீட்டரில் ஆக்சிஜன் உணரி இருக்கிறது" என்று பலர் சொல்கிறார்கள். அது ஆக்சிஜன் 18 சதவீதம் அளவுக்கு இறங்கும்போது எரிவாயுவை நிறுத்துவது. கார்பன் மோனாக்சைடை அது அளப்பதே இல்லை. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். எந்தக் குளிர்வரை வேலை செய்யும் என்று பெட்டியில் படித்து வாங்குங்கள். வீட்டுக்கான பல அலாரங்கள் சுமார் 4 டிகிரிக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல.

திறப்பினால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு சிறு சிலிண்டர் எரிந்து முடிந்தால் முக்கால் லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளிவந்திருக்கும். அடைத்த கூடாரத்தில் அது சுவரெல்லாம் பனியாகப் படிந்து, பிறகு உருகி உங்கள் கழுத்தில் சொட்டும்.

அஜாக்ஸிலிருந்து: சிறு சிலிண்டர் கொள்ளை விலை. பெரிய 20 பவுண்டு சிலிண்டரிலிருந்து அடாப்டர் வைத்து நானே நிரப்பிக்கொள்கிறேன். சரிதானே?

சரி இல்லை. அந்தச் சிறு சிலிண்டர் ஒருமுறைப் பயனுக்கென்று மெல்லிய தகட்டில் செய்தது. அதன் வால்வு திரும்பத் திரும்பத் திறந்து மூடுவதற்காக ஆனதல்ல. நிரப்பிய பிறகு கசியத் தொடங்கும்.

அஜாக்ஸ், மறுபடியும்: பல வருடங்களாக நிரப்புகிறேன், ஒன்றும் ஆகவில்லையே. அடாப்டரைக் கடையில் வெளிப்படையாகத்தானே விற்கிறார்கள்?

கடையில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. மறுநிரப்பல் கூடாது என்று சிலிண்டரிலேயே அச்சிட்டிருக்கிறது. நிரப்பியதைக் கொண்டுசென்றால் 5 லட்சம் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று அமெரிக்கச் சிலிண்டர்களின் எச்சரிக்கை சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள், உங்கள் முறையைப் பார்ப்போம். சிறு சிலிண்டரை ஃப்ரீசரில் வைத்துக் குளிரூட்டி, பெரியதைத் தலைகீழாகக் கவிழ்த்து நிரப்புகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மைனஸ் 20-இல் உள்ள திரவப் புரொப்பேன் 20 டிகிரிக்கு வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் விரிகிறது. முறைப்படி நிரப்புவோர் சிலிண்டரில் 80 சதவீதத்தோடு நிறுத்துவது இதற்காகத்தான். குளிரில் விளிம்புவரை நிரப்பிய சிலிண்டரை ஹீட்டர் போட்ட காரில் வைத்தால் திரவம் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறக்கும்; காருக்குள் எரிவாயு நிறையும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆசனங்களுக்குக் கீழே தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

விட்பியிலிருந்து: எடை பார்த்து நிரப்பினால் போதுமே. அஜாக்ஸ்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லோராலும் செலவு செய்ய முடியாது.

தராசு வைப்பது அளவை மட்டும் சரிசெய்யும். கசியும் வால்வைச் சரிசெய்யாது. செலவு உண்மையான கவலைதான், அதற்கு நேரான வழியும் இருக்கிறது. மறுநிரப்பலுக்கென்றே செய்த 5 பவுண்டு சிலிண்டர் ஒன்று, அதற்கு ஏற்ற குழாய் ஒன்று. நிரப்பும் நிலையத்தில் எடை பார்த்து நிரப்பித் தருவார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதிக திரவம், அதிக பரப்பு என்பதால் குளிரிலும் நன்றாக எரியும். குழாயின் ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் ஹீட்டரை அடைக்கும். தயாரிப்பாளர் வடிகட்டி கேட்டிருந்தால் போடுங்கள்.

அஜாக்ஸ்: நான் நிறுத்தப்போவதில்லை.

அப்படியென்றால் அந்தச் சிலிண்டரோடு உங்கள் பிள்ளைகளைக் காரில் ஏற்றாதீர்கள். இந்தப் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

மிசிசாகாவிலிருந்து: விளக்கில் சுடரைச் சுற்றிக் கட்டும் வலைப்பையான மேன்டில் கதிரியக்கம் உடையது என்கிறார்கள். உண்மையா? ஏன் அது தொட்டாலே உதிர்கிறது?

ஊரில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் ஏற்றியவர்களுக்கு இந்த மேன்டில் பழையது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் தோரியம் கலந்த மேன்டில்கள் உலகமெங்கும் பரவின. தோரியம் கதிரியக்கம் உடையதுதான். இன்று பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இட்ரியம் பயன்படுத்துகின்றன. பழைய மேன்டில் கையில் இருந்தால் அதன் சாம்பலை மூச்சில் இழுக்காதீர்கள்.

உதிர்வதற்குக் காரணம், நூல் எரிந்தபின் மிஞ்சுவது ஆக்சைடுச் சாம்பல் மட்டுமே. புது மேன்டிலைக் கட்டி, எரிவாயுவைத் திறக்காமல் வெளியே கொளுத்தி முழுதும் வெளுக்க விடுங்கள். பிறகுதான் வாயுவைத் திறக்க வேண்டும். எரித்த மேன்டில் சறுக்குவண்டியின் குலுக்கலைத் தாங்காது. ஆகவே ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபின் எரியுங்கள். இரண்டு மூன்று கூடுதலாக வைத்திருங்கள்.

ஓஷாவாவிலிருந்து: சிறிய கூடாரத்தில் விளக்கு வைத்தால் ஜன்னல் திறக்க வேண்டுமா?

மார்க்கம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

பிராம்ப்டனிலிருந்து: எல்இடி விளக்கு போதாதா?

வெளிச்சத்துக்குப் போதும், கூடாரத்துக்குள் அதுதான் நல்லது. புரொப்பேன் விளக்கு தரும் சக்தியில் மிகப் பெரும்பகுதி வெப்பமே, வெளிச்சம் சொற்பம். லித்தியம் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்திருங்கள். சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள்.

நியூமார்க்கெட்டிலிருந்து: பனி எத்தனை அங்குலம் இருந்தால் நடக்கலாம்?

தெளிந்த பனி நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் ஏறாதீர்கள். வெள்ளைப் பனிக்கு வலிமை பாதிதான். அன்றைய நிலையைக் கரையில் குடில் வாடகைக்கு விடுபவர்களிடம் கேளுங்கள். நான் வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

பாரியிலிருந்து: ஒயிட்ஃபிஷுக்கு எந்த இரை?

என் துறை இல்லை.

ஸ்காபரோவிலிருந்து இன்னொருவர்: ஹீட்டரை மிகக் குறைத்து வைத்துவிட்டு இரவு தூங்கலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன்.

கூடாது. குறைத்து வைத்தாலும், திறந்து வைத்தாலும், அலாரம் இருந்தாலும், சுடர் எரியும் கூடாரத்தில் யாரும் தூங்கக் கூடாது. படுப்பதற்கு முன் அணையுங்கள். நல்ல உறக்கப்பை வாங்குங்கள்.

மார்க்கத்திலிருந்து இன்னொருவர்: காலிச் சிறு சிலிண்டர்களை என்ன செய்வது? ஏரியிலேயே பலர் விட்டுவிட்டு வருகிறார்கள்.

விட்டுவிட்டு வருபவர்கள் வசந்தத்தில் அதைச் சிம்கோவின் அடியில் போடுகிறார்கள். வீட்டுக் குப்பையிலும் மறுசுழற்சித் தொட்டியிலும் போடக் கூடாது. காலி என்று நினைப்பதிலும் எரிவாயு மிஞ்சியிருக்கும். குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். அதுவரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ நிலவறையிலோ வைக்காமல், வெளியே நிமிர்த்தி வையுங்கள்.