மகள் படிக்கும் ஊர்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

ஊர்களை நடந்து பார்ப்பது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. என் மகள் ஒன்றரை ஆண்டாக இத்தாலியில், பொலோஞா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். வரும் மே மாதம் நானும் கணவரும் பத்து நாள் அங்கே போகிறோம். ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள், பொலோஞாவுக்கு ஒரு பகல் போதும் என்று உறவினர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மகளோ மூன்று நாளாவது அங்கேயே இருக்க வேண்டும் என்கிறாள். "என் ஊரைப் பாரும்மா" என்றாள். அவள் அதை "என் ஊர்" என்று சொன்னது எனக்கு என்னவோ போல இருந்தது. பிறந்து வளர்ந்த ஊர் இங்கே இருக்க, ஒன்றரை ஆண்டில் அது எப்படி அவள் ஊரானது?

நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். கணவர் எல்லாம் சாப்பிடுவார். எனக்கு மூட்டு வலி, படி ஏறுவது சிரமம். மூன்று நாள் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சாப்பாட்டுக்கு என்ன வழி?

கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வதைக் கேளுங்கள். மூன்று நாளும் பொலோஞாவிலேயே இருங்கள். முடிந்தால் நாலாவது நாளும்.

முதலில் உங்கள் மனத்தில் தைத்த அந்தச் சொல்லுக்கு வருகிறேன். படிக்க வந்த பிள்ளைகள் பொலோஞாவை "என் ஊர்" என்று சொல்வது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. அந்த ஊர் வளர்ந்ததே அவர்களால்தான். பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டாக 1088-ஐச் சொல்கிறார்கள். அன்று கட்டடமும் இல்லை, துணைவேந்தரும் இல்லை. சட்டம் படிக்க வேண்டும் என்று ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். தாங்களே கூடிப் பணம் சேர்த்து ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா இவர்களுக்காகவே ஓர் ஆணை பிறப்பித்தார். அறிவின் மேல் கொண்ட அன்பினால் ஊரைவிட்டு வந்தவர்கள் என்று அதில் மாணவர்களைக் குறிப்பிடுகிறார். தன் நாட்டுக்காரன் எவனோ பட்ட கடனுக்காக ஒரு மாணவனைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது அந்த ஆணையின் ஒரு பகுதி. அயலூர்ப் பிள்ளைக்குக் கேட்பார் இல்லை என்ற நிலை இருந்ததால்தானே அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது?

வந்தவர்கள் தங்க இடம் வேண்டுமே. மதிலுக்குள் நிலம் குறைவு. வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கமாக நீட்டிக் கட்டினார்கள். நீட்டிய பகுதியைத் தாங்க மரத்தூண் நட்டார்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே நடக்க வழி கிடைத்தது. இப்படிப் பிறந்ததுதான் பொலோஞாவின் போர்ட்டிகோ, தெருவோரத் தாழ்வாரம். கார் நிறுத்த நம் வீட்டு முன்னால் கட்டுகிறோமே, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் இந்த இத்தாலியச் சொல்தான்.

மற்ற ஊர்கள் இத்தகைய நீட்டல்களை ஆக்கிரமிப்பு என்று இடித்தன. பொலோஞா நேர்மாறாகச் செய்தது. 1288-இல் ஒரு சட்டம் வந்தது: புதிதாக வீடு கட்டுபவர் தாழ்வாரத்தோடுதான் கட்ட வேண்டும், தாழ்வாரம் இல்லாத வீட்டுக்காரர் சேர்த்துக் கட்ட வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்புச் செலவும் அவருடையது. நடக்கும் உரிமை எல்லாருக்கும். குதிரைமேல் வருபவன் தலை இடிக்காமல் போகும் உயரம் இருக்க வேண்டும் என்றுகூட அளவு வைத்தார்கள். இன்று ஊர் முழுக்க 62 கிலோமீட்டர் தாழ்வாரம் இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சொந்த நிலத்தில் ஒரு பட்டையை வழிப்போக்கனுக்கு விட்டுக்கொடுத்து, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காப்பாற்றியும் வரும் ஊர் வேறொன்றை நான் பார்த்ததில்லை. எனக்கு இத்தாலியில் மிகவும் பிடித்த ஊர் இதுதான், அதற்கு இதுவே காரணம்.

உங்கள் மூட்டுக்கும் இது நல்ல செய்தி. ஊரின் பழைய பகுதி பெரும்பாலும் சமதரை. வெயிலிலும் மழையிலும் குடை இல்லாமல் போகலாம். ஸ்த்ராதா மஜ்ஜோரே என்ற தெருவில் காசா இசொலானி என்றொரு வீடு உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் மரத்தூண்கள் மூன்றாள் உயரத்துக்கு மேல் இன்றும் அதைத் தாங்கி நிற்கின்றன. 1568-இல் மரத்தூண்களை மாற்றிக் கல்லிலோ செங்கல்லிலோ கட்டச் சொன்னார்கள். தப்பிப் பிழைத்தவை சில, அவற்றில் இது ஒன்று. கருவாலி (ஓக்) மரம். கிட்டே போய்க் கையை வைத்துப் பாருங்கள். பிளவுகளுக்குள் விரல் நுழையும். நான் நின்றிருந்த மாலையில் நல்ல மழை. தெரு நடுவில் நீர் ஓடுகிறது. தாழ்வாரத்திலோ ஒரு பாட்டி சக்கரப் பையை இழுத்துக்கொண்டு நிதானமாகப் போகிறார், இரண்டு மாணவர்கள் தூணில் சாய்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள், ஒரு கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருவரும் மழையைப் பொருட்படுத்தவில்லை.

வகுப்பு இல்லாத ஒரு நாளில், மகள் தினமும் போகும் வழியில் உங்களை அழைத்துப் போகச் சொல்லுங்கள். அவள் குடியிருக்கும் அறையிலிருந்து சம்போனி தெரு வரை. பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு அந்தத் தெரு. பட்டத்தேர்வு நடக்கும் நாளாக இருந்தால் தலையில் லாரல் இலை மாலை சூடிய பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். நண்பர்கள் சுற்றி நின்று "தொத்தோரே, தொத்தோரே" (டாக்டர், டாக்டர்) என்று பாடுவார்கள். பெற்றோர்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நிற்பார்கள். அடுத்த முறை நீங்கள் வருவது அதற்காக இருக்கலாம்.

ஆர்க்கிஜின்னாசியோ கட்டடத்துக்குக் கட்டாயம் போங்கள். 1563 முதல் பல்கலைக்கழகம் அங்கேதான் நடந்தது. சுவர், கூரை, படிக்கட்டு எங்கும் குலச்சின்னங்கள், ஏறத்தாழ ஆறாயிரம். படித்த மாணவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் இருக்கின்றன. உடற்கூறு கற்பித்த மர அரங்கமும் அங்கே உண்டு. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கிய அந்த அரங்கத்தை, இடிபாட்டிலிருந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி கட்டினார்கள். மகளைப் படிக்க அனுப்பிய தாய் என்பதால் இன்னொரு பெயரையும் சொல்கிறேன்: லாவுரா பாஸ்ஸி. 1732-இல், இருபது வயதில், இந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டமும் சம்பளத்தோடு ஆசிரியப் பணியும் தந்தது. பெண் என்பதால் பொது வகுப்பு எடுக்கத் தடைகள் இருந்தன. அவர் தன் வீட்டிலேயே கருவிகளை வைத்து இயற்பியல் கற்றுக்கொடுத்தார், குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு.

இனி சாப்பாடு. இதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

டொர்தெல்லினி, டொர்தெல்லோனி. இரண்டும் ஒன்றல்ல. முன்னது சிறியது, உள்ளே பன்றி இறைச்சி, வருவது இறைச்சிச் சாற்றில். பின்னது பெரியது, உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் கீரையும், மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். என்னோடு வந்த சைவ நண்பர் ஓர் உணவகத்தில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, வந்த கிண்ணத்தை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு ரொட்டி தின்று எழுந்தார். உணவுப் பட்டியலில் "தி மாக்ரோ" என்ற சொல்லைத் தேடுங்கள். கத்தோலிக்கர்கள் இறைச்சி விலக்கும் விரத நாளுக்கான சமையல் அது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் இரவு வீடுகளில் டொர்தெல்லோனி செய்வது அந்த மரபில்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். விதியே அப்படித்தான். டொர்தெல்லோனியின் உள்ளீட்டிலும் அது கலந்திருக்கும். உங்களுக்கு அது ஆகுமா ஆகாதா என்று நீங்களே ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்; தட்டின் முன்னால் உட்கார்ந்து கலங்க வேண்டாம். கிரெஷெந்தீனே என்ற பொரித்த ரொட்டி பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது வழக்கம், கேட்காமல் தொடாதீர்கள். எர்பே சந்தையில் நல்ல தக்காளியும் பழமும் கிடைக்கும்; மகளின் அறையில் சமைத்துச் சாப்பிட அதுவே போதும். அரிசி, பால், பாதாம் சேர்த்துச் சுடும் தோர்த்தா தி ரீசோ என்ற இனிப்பு உண்டு. சாய்சதுரமாக வெட்டித் தருவார்கள். பால்சோறு தெரிந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

உங்கள் கணவர் "ஸ்பகெத்தி போலோனீஸ்" கேட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள். கொத்திய இறைச்சிக் குழம்பு அவர்களுடையதுதான், அதன் பெயர் ராகு. ஆனால் அது சேர்வது தல்யதெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவோடு. அந்தப் பட்டையின் அகலம், வெந்தபின் 8 மில்லிமீட்டர். 1972-இல் வணிக மன்றத்தில் தங்கத்தில் ஒரு பட்டை செய்து வைத்து இதைப் பதிவே செய்துவிட்டார்கள். ஆசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்பது கணக்கு. இதை விளையாட்டு என்று நினைத்துத்தான் நானும் போனேன். மாவு தேய்ப்பதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைத் தெருக்களில் காலையில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் பெண்கள் மாவு தேய்ப்பதைப் பார்க்கலாம். அவர்களை ஸ்ஃபோல்யீனா என்பார்கள். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பிசைந்து அரை மணி நேரம் மூடி வைப்பார்கள். பிறகு ஒரு மீட்டர் நீளக் கட்டை. நான் பார்த்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நம் சப்பாத்திக் கட்டையைப் போல அழுத்தவில்லை. கட்டையில் மாவைச் சுற்றி, இரு உள்ளங்கைகளையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டே போய் இழுத்தார். மாவின் ஒரு விளிம்பு பலகையைத் தாண்டித் தொங்கியது. அதைத் தன் வயிற்றால் பலகையோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் ஒரு மேசைவிரிப்பு அளவுக்கு மஞ்சள் தாள் விரிந்தது. எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினார், அவர் கைவிரல்கள் அதனூடே தெரிந்தன. மாவினூடே குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா கோவில் தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ச் சொலவடை.

சான் லூக்காவுக்கு ஊரிலிருந்து கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் தாழ்வாரமே போகிறது, 666 வளைவுகள். பின்பாதி ஏற்றமும் படிகளும்; நீங்கள் முயல வேண்டாம். மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து சிறு சுற்றுலா வண்டி போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே மாதத்தில், அந்தக் கோவில் மாதாவின் படத்தை ஊருக்குள் கொண்டுவந்து ஒரு வாரம் வைப்பார்கள். 1433-இல் ஓயாத மழையை நிறுத்த வேண்டித் தொடங்கிய வழக்கம். தேதி ஒத்துவந்தால் விட்டுவிடாதீர்கள். சாய்ந்த கோபுரங்கள் இரண்டையும் கீழிருந்தே பாருங்கள். அவற்றில் ஒன்றான கரிசெந்தாவின் நிலை மோசமானதால் 2023 அக்டோபரில் அந்த இடத்தை மூடினார்கள். பட்டம் வாங்குமுன் ஆசினெல்லியில் ஏறினால் தேற மாட்டார்கள் என்று மாணவர்களுக்கு ஒரு நம்பிக்கையும் உண்டு. உங்கள் மகளும் ஏறியிருக்க மாட்டாள்.

ரயிலில்தான் வந்து இறங்குவீர்கள் என்று நினைக்கிறேன். நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25-இல் நிற்கும். பழுது அல்ல. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, விடுமுறைக்குப் புறப்பட்ட கூட்டம். நவ பாசிசக் குழுவினர் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் வைத்த குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பலரும் ரயில் மாற வந்த வெளியூர்க்காரர்கள். ஆம்புலன்ஸ்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு வேண்டும் என்று, 37-ஆம் எண் நகரப் பேருந்தின் ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி அதில் இறந்தவர்களை ஏற்றிச் சென்றார்கள். முகம் தெரியாதவர்களுக்காக அன்று ஊரே ஓடியது. காத்திருப்பு அறைச் சுவரில் குண்டு உண்டாக்கிய பிளவை மூடாமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பெயர்களும் வயதுகளும் இருக்கின்றன. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் மகளை எந்த ஊரில் விட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டி பொதெஸ்தா மாளிகையின் அடியில் ஒரு கவிகை மண்டபம் இருக்கிறது. நான்கு மூலைகளிலும் தூண்கள். ஒருவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெல்லப் பேசினால், எதிர்மூலையில் சுவரைப் பார்த்து நிற்பவருக்குக் காதோடு பேசுவதுபோலக் கேட்கும். நடுவில் போகிறவர்களுக்குக் கேட்காது. பகலில் கூட்டமும் வரிசையும் இருக்கும். இரவு உணவு முடித்து பத்து மணிக்கு மேல் போங்கள். நீங்கள் ஒரு மூலை, மகள் எதிர்மூலை. எனக்கு எழுதிய கேள்வியை அங்கே அவளிடம் கேளுங்கள்.

அன்புடன்.