பழுதுபார்த்து வந்த பெட்டிக்குப் பழைய சான்றிதழ் போதுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனிக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் மின் பணியாளராக இருக்கிறேன். பழுதுபார்க்க அனுப்பிய ஃபிளேம்ப்ரூஃப் ஸ்டார்ட்டர் பெட்டி (மோட்டாரை இயக்கி நிறுத்தும் கருவி அடங்கிய, உள்வெடிப்பைத் தாங்கும் பெட்டி), முகவர் ஒருவர் வழியாகச் சான்றிதழ் நகலுடன் திரும்பி வந்துள்ளது. அதை வைத்தே சோதனை ஏட்டில் கையொப்பமிடச் சொல்கிறார்கள். இடலாமா?

பதில்: இப்போதைக்கு இடாதீர்கள். அந்த நகல், அம்மாதிரிப் பெட்டியின் வடிவமைப்புக்குத் தரப்பட்டது. பட்டறையில் பிரித்து, கடைந்து, மீண்டும் மூடிய உங்கள் பெட்டியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இப்பெட்டி மீத்தேன் உள்ளே நுழைவதைத் தடுப்பதில்லை. காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கையில் உள்ளே பொறி எழுந்தால் வெடிக்கவே செய்யும். அவ்வெடிப்பைத் தாங்கி, மூடியின் விளிம்பிலுள்ள மிக நுண்ணிய இடைவெளி வழியே வெளிவரும் சுடுவாயுவைக் குளிர்வித்து, வெளியிலுள்ள வாயு பற்றிக்கொள்ளாமல் காப்பதே அதன் வேலை. எனவே அவ்விளிம்பில் ஆழமான கீறலோ, துருவோ, பூசிய பெயின்டோ இருந்தாலும், ஒரு போல்ட் குறைந்தாலும், பயன்படாத கேபிள் துளை உரிய அடைப்பானின்றித் திறந்திருந்தாலும் அந்தக் காப்பை நம்ப முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்னழுத்தம் இல்லை என்பதைச் சோதித்த பின் திறந்து பாருங்கள். விளிம்பின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, சான்றிதழுக்குரிய வரைபடத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

முகவர்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள வரிசை எண்ணும் பழுதுபார்ப்பு அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். என்ன மாற்றினார்கள், எவ்வளவு அளந்தார்கள் என்று பட்டறையே எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கையைக் கேளுங்கள். அதைத் தர மறுக்கும் முகவரிடம் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். தொழிற்சாலைகளுக்கும் பெட்ரோல் கிடங்குகளுக்கும் உரிய இரண்டாம் தொகுதிப் பெட்டிகளைச் சுரங்கத்துக்கு விற்பவர்களும் உண்டு. மீத்தேன் உள்ள சுரங்கத்துக்கு முதல் தொகுதிப் பெட்டிதான் வேண்டும். சான்றிதழ் எண்ணின் இறுதியில் ‘எக்ஸ்’ (X) என்ற எழுத்து இருந்தால், அப்பெட்டிக்குத் தனி நிபந்தனைகள் உள்ளன. அவற்றைப் படிக்காமல் பொருத்தக் கூடாது. இத்தனைக்கும், தணிக்கைக்கு வருவோரில் பலர் கோப்பு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, ஒரு மூடியையாவது கழற்றச் சொல்வதில்லை. இந்த வழக்கம்தான் முகவர்களை வாழவைக்கிறது.

தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யும் உறவினர்கள், “எங்களுக்கு இது பொருந்தாது” என்று உங்களிடம் சொல்லக்கூடும். பாறைச் சுரங்கங்கள் பலவற்றில் அது உண்மை. ஆயினும் ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்து வெல்கம், வர்ஜீனியா பகுதித் தங்கச் சுரங்கங்களில் பாறைப் பிளவுகள் வழியே மீத்தேன் வெளிவருவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஆகவே தங்கமா நிலக்கரியா என்று கேட்பதில் பயனில்லை. அந்தச் சுரங்கத்தில், அந்தப் பகுதியில், வாயு உண்டா என்றே கேட்க வேண்டும்.

கையொப்பமிட மறுத்த காரணத்தை எழுத்தில் கொடுத்து, நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். மீறி அப்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து உங்களை அருகே வேலை செய்யச் சொன்னால், கடும் ஆபத்து உண்டென்று நியாயமாகத் தோன்றும் இடத்தை விட்டு வெளியேறும் உரிமையை 1996ஆம் ஆண்டுச் சுரங்க உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. அதற்காக உங்களைப் பாகுபடுத்துவதை 83ஆம் பிரிவு தடுக்கிறது.